போல்ட்டின் தலையைப் பார்த்து ஏமாந்த கதை

பழைய காரை வாங்கிய நாளிலிருந்து என் மனைவி என்னை 'மரை கழன்ற ஆள்' என்றுதான் சொல்லுவாள். சும்மா கேலிக்குச் சொன்ன வார்த்தை, ஒரு வருஷத்துக்குள் எழுத்துக்கு எழுத்து உண்மையாகிவிட்டது. எஞ்சின் பிளாக்கில் ஒன்பது துளைகளின் மரையை நானே காசு கொடுத்துக் கழற்றினேன். அதைச் சரிசெய்ய ஏழு மாதமும் 31,000 ரூபாய்க்கு மேலும் போயின. வண்டியை வாங்கிய பணத்தை இதில் சேர்க்கவில்லை. அப்போது யாராவது ஒருவர் 'தம்பி, அந்த போல்ட்டை ஒரு தடவை அளந்து பார்' என்று சொல்லியிருந்தால் போதும், இந்தக் கதையே இல்லை.

வண்டி 1947ஆம் ஆண்டு மோரிஸ் டென், எம் சீரிஸ், இங்கிலாந்துக் கார். இதே கார்தான் ஹிந்துஸ்தான் 10 என்ற பெயரில் நம் நாட்டிலும் வந்தது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் தேங்காய் மட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது. நான் வங்கியில் வேலை பார்த்தவன். ஸ்பேனர் பிடித்த அனுபவம் என்றால் பழைய புல்லட்டுக்குச் சில்லறை வேலை பார்த்ததுதான். சரி, ஒவ்வொரு நட்டாகக் கழற்றித் துடைத்து மாட்டினால் ஆகிவிடும் என்று நினைத்து இறங்கினேன்.

முதல் தப்பை முதல் நாளே செய்தேன். கழற்றிய போல்ட் எல்லாவற்றையும் ஒரு பெயிண்ட் டப்பாவில் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்தேன். மறுநாள் பளபளவென்று எடுத்துப் பார்த்தால் எது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. இப்போது நான் செய்வது வேறு. அட்டையில் அந்தப் பாகத்தின் படத்தைப் பேனாவால் கிறுக்கி, போல்ட் இருந்த இடத்தில் துளை போட்டு, அந்தந்த போல்ட்டை அதிலேயே குத்தி வைக்கிறேன். நட்டு இருந்தால் அதை அதன் போல்ட்டிலேயே நாலு சுற்று சுற்றி வைப்பேன். ஒரு போல்ட்டின் மரை என்னவென்று அதன் நட்டுக்கு மட்டும் நிச்சயமாகத் தெரியும். அந்த ஜோடியைப் பிரித்தால் சாட்சியைத் தொலைத்த மாதிரி.

இரண்டாவது தப்பு ஸ்பேனரில். எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பின் போல்ட்டுகளுக்கு என்னிடம் இருந்த 13 மில்லி ஸ்பேனர் ஏறவே இல்லை. 14 போட்டால் லொடலொடவென்று ஆடியது. ஆடினாலும் பரவாயில்லை என்று தம் கட்டித் திருப்பியதில் நாலு போல்ட்டின் தலை முனை மழுங்கி உருண்டையாகிவிட்டது. அப்புறம்தான் அந்தத் தலைகளின் அகலம் 13.34 மில்லிமீட்டர் என்று தெரிந்தது. பழைய இங்கிலீஷ் வண்டிகளுக்கு விட்வொர்த் என்ற இஞ்சு அளவு முறையில் செய்த ஸ்பேனர் வேண்டும். அதில் இன்னொரு குழப்பம், ஸ்பேனரில் அடித்திருக்கும் எண் தலையின் அகலத்தைச் சொல்வதில்லை, அந்த போல்ட்டின் உடம்பு எவ்வளவு தடிமன் என்பதைச் சொல்கிறது. 1/4 டபிள்யூ (விட்வொர்த்) என்று அடித்த ஸ்பேனரின் வாய் கால் இஞ்சு இருக்காது, அரை இஞ்சுக்கும் கொஞ்சம் மேலே இருக்கும். அதே ஸ்பேனர்தான் 5/16 பி.எஸ்.எஃப். போல்ட்டுக்கும். பி.எஸ்.எஃப். என்பது விட்வொர்த்தைவிட மரை நெருக்கமான இங்கிலீஷ் வகை. சில ஸ்பேனரில் இரண்டு எண்ணும் சேர்ந்தே இருக்கும். செகண்ட் ஹேண்டில் ஒரு செட் 4,500 ரூபாய்க்குக் கிடைத்தது. இந்தக் கதையில் நான் வருத்தப்படாத செலவு அது ஒன்றுதான்.

ஆனால் அந்த ஸ்பேனரே என்னைக் குழியிலும் தள்ளியது. சம்ப் போல்ட் தலைக்கு 1/4 டபிள்யூ ஸ்பேனர் கச்சிதமாக உட்கார்ந்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். தலை விட்வொர்த் அளவு, உடம்பு ஏறக்குறைய 8 மில்லி, அதாவது 5/16 இஞ்சு. நம் ஆசாரிகள் கணக்கில் இரண்டரை நூல். அப்படியானால் இது 5/16 பி.எஸ்.எஃப். என்று முடிவு கட்டினேன். கடைக்காரரும் பார்த்த உடனே அதையேதான் சொன்னார். புது போல்ட்டுகள் வாங்கி வந்து பிளாக்கில் மாட்டினால் ஒன்றரைச் சுற்றுக்கு மேல் போகவில்லை. துளையில் எழுபது வருஷத்து அழுக்கும் துருவும் அடைத்திருக்கிறது என்று நினைத்தேன். லேத் பட்டறை அண்ணன் ஒருவர் வந்து பார்த்தார். 'டேப் ஒரு ஓட்டு ஓட்டினா சரியாயிடும் சார்' என்றார். நானும் தலையை ஆட்டினேன். துளைக்குள் மரை வெட்டும் கருவிதான் டேப். 5/16 பி.எஸ்.எஃப். டேப்பை வைத்து ஒன்பது துளை ஓட்டினார். டேப்போடு வந்த தூள் கறுப்பு அழுக்காக இல்லாமல் சாம்பல் நிறத்தில் மின்னியது. புது வார்ப்பிரும்பு அது. அதைக் கண்ணால் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

போல்ட்டுகள் அப்புறம் சுகமாக ஏறின. இறுக்கும்போது இரண்டு மூன்று போல்ட் பிடிமானமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தன. ஆயில் ஊற்றி வைத்த மூன்றாம் நாள் ஷெட் தரையில் தட்டு அகலத்துக்குக் கறை. மறுபடி எல்லாவற்றையும் கழற்றினேன். புது போல்ட்டுகளின் மரைப் பள்ளத்தில் பிளாக்கின் இரும்பு சுருள் சுருளாக ஒட்டிக்கொண்டு வந்தது. ஷெட்டிலேயே ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். சாப்பிடக் கூப்பிட்டதற்கும் போகவில்லை. பிளாக் என்பது கடையில் போய் இன்னொன்று வாங்கிவிடும் சாமான் இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். துளையைச் சுத்தம் செய்ய டேப் வேண்டாம். டேப் வெட்டுகிற ஆயுதம். அளவு தப்பாக இருந்தாலும் அது பாட்டுக்கு வெட்டிக்கொண்டு போகும். அந்தத் துளையிலிருந்தே வந்த பழைய போல்ட் ஒன்றை எடுத்து, அதன் மரையில் நீளவாக்கில் ஹேக்சா பிளேடால் ஒரு பள்ளம் போட்டு, டீசல் தடவித் துளைக்குள் சுற்றினால் போதும். அழுக்கு அந்தப் பள்ளத்தில் சேர்ந்து வெளியே வந்துவிடும், மரைக்கு ஒன்றும் ஆகாது. அதைவிட முக்கியமாக, சரியான போல்ட் கடைசி வரைக்கும் விரலாலேயே போகவேண்டும். இரண்டு மூன்று சுற்றில் இறுகினால் நிறுத்திவிடுங்கள். ஸ்பேனர் எடுக்கிற எண்ணமே வரக்கூடாது.

இவ்வளவு பட்ட பிறகாவது யாரையாவது கேட்டிருக்க வேண்டும். நான் செய்தது என்ன? ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரத்தை, அதாவது பிட்ச்சை, பல் தகடுகளால் பார்க்கும் பிட்ச் கேஜ் ஒன்று வாங்கி நானே நிபுணர் ஆனேன். கடையில் இருந்தது இஞ்சு அளவு செட் மட்டும். பழைய போல்ட்டில் ஒவ்வொரு தகடாக வைத்துப் பார்த்ததில் 22 உட்காரவில்லை, 24 உட்காரவில்லை, 26 தகடு அழகாக உட்கார்ந்தது. இஞ்சுக்கு 26 மரை என்றால் சைக்கிள் மரை. பழைய புல்லட் பார்க்கிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த மரை அது. ஆஹா, கண்டுபிடித்துவிட்டேன் என்று புல்லட் சாமான் விற்கும் இடத்தில் போல்ட்டும் டேப்புமாக 3,200 ரூபாய்க்கு வாங்கினேன். டேப் ஓட்டாத நல்ல துளைகளில் அந்த போல்ட் பாதி வரைக்கும் ஏறியது. மீதியை ஸ்பேனரால் ஏற்றினேன். ஒன்று துளைக்குள்ளேயே முறிந்துபோனது.

அந்த முறிந்த போல்ட்டை எடுக்கத்தான் கோவை ஆவாரம்பாளையத்தில் ஒரு பெரியவரிடம் போனேன். மில் மெஷின் பட்டறையில் நாற்பது வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் கதையைச் சொல்லி முடிக்கும் வரை பேசவில்லை. பழைய சம்ப் போல்ட் ஒன்றை வாங்கி, மூக்குக் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு, ஸ்டீல் ஸ்கேலை மரைமேல் வைத்தார். 'எண்ணுங்க தம்பி, இருபது மில்லிக்குள்ள எத்தனை மரை இருக்குன்னு' என்றார். எண்ணினேன். சரியாக இருபது. 'தலையைப் பார்த்து ஏமாந்துட்டீங்களே. தலைதான் இஞ்சுங்க, உடம்பு மில்லி' என்றார்.

எனக்கு நம்பிக்கையே வரவில்லை. 1947இல் இங்கிலாந்தில் செய்த காரில் எப்படி மில்லிமீட்டர் மரை வரும்? பிறகு தேடிப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. முதல் உலகப் போர் காலத்தில் ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு ஆயுதக் கம்பெனி இங்கிலாந்தின் கவென்ட்ரியில் துப்பாக்கி செய்ய ஒரு தொழிற்சாலை போட்டது. போர் முடிந்ததும் அங்கே துப்பாக்கிக்கு வேலை இல்லை. வில்லியம் மோரிஸுக்கு எஞ்சின் செய்து கொடுக்க ஆரம்பித்தார்கள். 1923இல் மோரிஸ் அந்தத் தொழிற்சாலையையே வாங்கிக்கொண்டார். இயந்திரங்கள் மெட்ரிக் மரைக்குப் பழகியவை, அதை மாற்றவில்லை. ஆனால் ஊரில் எல்லார் கையிலும் இருந்தது விட்வொர்த் ஸ்பேனர், அதனால் தலையை மட்டும் அந்த அளவில் செய்தார்கள். இந்த வழக்கம் அப்படியே தொடர்ந்து என் டென் வரைக்கும், எம்.ஜி. கம்பெனியின் டி.சி., டி.டி. கார்களின் 1250 சி.சி. எஞ்சின் வரைக்கும் வந்திருக்கிறது. அதிலும் 8 மில்லி போல்ட்டில் இன்னொரு வில்லங்கம். இன்றைக்கு எந்தக் கடையில் 8 மில்லி போல்ட் கேட்டாலும் 1.25 பிட்ச் தருவார்கள். மோரிஸ் எஞ்சினில் இருப்பது 1.0 பிட்ச்.

8 மில்லிக்கு ஏன் இவ்வளவு பேர் ஏமாறுகிறார்கள் என்பதைக் கணக்காகவே சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். 5/16 இஞ்சு என்பது 7.94 மில்லி. எழுபது வருஷம் தேய்ந்த போல்ட்டில் 7.94க்கும் 8க்கும் உள்ள வித்தியாசத்தை வெர்னியர் அளவுகோல் காட்டிக் கொடுக்காது. எனவே தடிமனை வைத்து எந்த முடிவுக்கும் வரமுடியாது, பிட்ச்தான் சொல்லவேண்டும். 20 மில்லி நீளத்தில் 5/16 பி.எஸ்.எஃப். என்றால் பதினேழேகால் மரை இருக்கும். பின்னாளில் வந்த யு.என்.எஃப். என்ற இஞ்சு மரை என்றால் கிட்டத்தட்ட பத்தொன்பது. சைக்கிள் மரை என்றால் இருபதரை. மோரிஸ் மெட்ரிக் என்றால் இருபதே இருபது. என் கேஜ் தகட்டில் இருந்தவை ஏழெட்டுப் பல். அவ்வளவு சின்ன நீளத்தில் இருபதும் இருபதரையும் ஒன்று போலத்தான் தெரியும். ஆகவே தகடு உட்கார்ந்துவிட்டது என்று உடனே நம்பக்கூடாது. எவ்வளவு நீளம் கிடைக்கிறதோ அவ்வளவும் வைத்து, டார்ச் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கவேண்டும். ஒரு முனையிலாவது வெளிச்சம் கசிந்தால் அது இல்லை. இஞ்சு கேஜ், மெட்ரிக் கேஜ் இரண்டுமே கையில் வேண்டும். இரண்டும் சேர்ந்து 900 ரூபாய்தான் ஆனது. அந்த 900க்குச் சோம்பல் பட்டுத்தான் மேலே சொன்ன கூத்தெல்லாம்.

கேஜ் இல்லாத நேரத்துக்குப் பெரியவர் காட்டிய வழி, தெரிந்த போல்ட் ஒன்றையும் தெரியாத போல்ட் ஒன்றையும் பக்கம் பக்கமாக வைத்து மரையோடு மரை கோத்து வெளிச்சத்தில் பார்ப்பது. பிட்ச் ஒன்றாக இருந்தால் சீப்பும் சீப்பும் கோத்த மாதிரி உட்காரும். துளைக்குள் இருக்கும் மரையைப் பார்க்க, பேத்தி விளையாடும் களிமண்ணைக் குச்சியில் பிடித்து ஒரு பக்கச் சுவரில் அழுத்தி எடுத்து, அந்த அச்சில் எண்ணினேன். சிரிப்பாக இருக்கும், ஆனால் வேலை செய்தது.

தடிமன், பிட்ச் இரண்டுக்கும் அடுத்து மூன்றாவதாக, மரைப் பள்ளத்தின் இரு சரிவுகளுக்கு இடையே உள்ள கோணம். பிட்ச் ஒத்துப்போனாலும் கோணம் வேறாக இருந்தால் மரையின் சரிவுகள் முழுசாக ஒட்டாது, பாரம் கொஞ்ச இடத்தில்தான் விழும். ஜோசப் விட்வொர்த் 1841இல் பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைச் சேகரித்து, அளந்து, சராசரி பார்த்து வகுத்ததுதான் 55 டிகிரி மரை. மேலும் கீழும் உருண்டையாக இருக்கும். 1908இல் வந்த பி.எஸ்.எஃப். அதே 55 டிகிரி, மரை மட்டும் நெருக்கம். 1948இல் பிரிட்டனும் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து ஒப்புக்கொண்ட யு.என்.எஃப். (நெருக்கமான மரை), யு.என்.சி. (அகலமான மரை) இரண்டும் 60 டிகிரி. கால் இஞ்சு விட்வொர்த்தும் கால் இஞ்சு யு.என்.சி.யும் இஞ்சுக்கு 20 மரைதான், ஒன்றில் மற்றது ஏறிவிடும். ஆபத்தில்லாத இடமென்றால் விட்டுவிடலாம், பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் அப்படிச் செய்யவே கூடாது. அரை இஞ்சுக்கு வந்தால் விட்வொர்த் 12, யு.என்.சி. 13. அங்கே ஏறவே ஏறாது. யு.என்.எஃப். போல்ட்டாக இருந்தால் பெரும்பாலும் தலையின் உச்சியில் வட்டப் பள்ளமோ, பக்கவாட்டில் ஒன்றையொன்று தொடும் சின்ன வட்டங்களோ இருக்கும். அதைப் பார்க்கப் பழகிவிட்டால் பாதி வேலை மிச்சம்.

சம்ப் கதை முடிந்ததும் கரண்ட் வேலையில் இன்னொரு அடி வாங்கினேன், நல்லவேளை சின்னது. லூகாஸ் கம்பெனியின் கரண்ட் பாகங்களில் இருக்கும் குட்டி ஸ்க்ரூக்கள் பி.ஏ. என்ற தனி ஜாதி. இஞ்சுக்குப் பிறந்து மில்லியில் வளர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோணம் 47.5 டிகிரி. எண் கூடக்கூட ஸ்க்ரூ சின்னதாகும். ஜீரோ பி.ஏ. சரியாக 6 மில்லி தடிமன், 1 மில்லி பிட்ச், எனவே இன்றைய 6 மில்லி நட்டு அதில் ஏறுவது போலவே பாசாங்கு செய்யும். 2 பி.ஏ. 4.7 மில்லி தடிமன், பிட்ச் 0.81. டைனமோ வயர் வரும் டெர்மினலில் நட்டு காணாமல் போனதால் 5 மில்லி நட்டு ஒன்றைப் போட்டேன், பிட்ச் 0.8. ஜம்மென்று ஏறியது, கொஞ்சம் தளர்வு மட்டும்தான். பத்து நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டதும் ரப்பர் தீயும் வாசனை. நட்டு சரியாகப் பிடிக்காமல் டெர்மினல் சூடேறி வயர் உறை உருகிக்கொண்டிருந்தது. 'டைட்டாக இல்லை, ஆனால் ஏறுகிறது' என்று தோன்றினால் அதையும் 'ஏறவில்லை' என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆயில் பிரஷர் மீட்டர் குழாயில் 1/8 என்று எழுதியிருந்ததைப் பார்த்து 3 மில்லி டேப் தேடிப் போன கதையைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். அது பி.எஸ்.பி., குழாய் மரை. அந்த எண் குழாயின் உள்வாயைக் குறிப்பது. 1/8 பி.எஸ்.பி.யின் வெளி அளவு 9.7 மில்லி. நம் வீட்டு அரை இஞ்சுத் தண்ணீர்க் குழாயை அளந்து பாருங்கள், மரைமேல் 21 மில்லி வரும். அதே கணக்கு. கடைக்காரர் சிரித்ததில் தப்பே இல்லை.

பிளாக்கைக் கடைசியில் பெரியவர்தான் காப்பாற்றினார். கெட்டுப்போன ஒன்பது துளையையும் முறிந்த போல்ட் இருந்த துளையையும் 8.3 மில்லிக்கு டிரில் செய்து, உள்ளே ஸ்பிரிங் மாதிரிச் சுருள் மரை வைத்தார். 8 மில்லி, 1.0 பிட்ச் சுருள் செட் இங்கே கையோடு கிடைக்காமல் இங்கிலாந்திலிருந்து வரவழைத்ததில் சுங்கம் சேர்த்து 7,800 ஆனது. தலை விட்வொர்த் அளவில் இருக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்து 22 போல்ட்டை லேத்தில் செய்ய வைத்தேன், ஒன்று 170 ரூபாய். சாதாரண 13 ஸ்பேனர் தலையோடு 1.0 பிட்ச் போல்ட் வாங்கிப் போட்டிருந்தால் பாதிப் பணத்தில் முடிந்திருக்கும். அது என் கொழுப்பு. மீதிப் பணம் எஞ்சினை இறக்கி ஏற்றிய கூலி, கேஸ்கெட், இரண்டு தடவை கொட்டிய ஆயில் என்று போனது.

இந்த வண்டியை முழுசாகப் பிரித்த பிறகு ஒன்று கவனித்தேன். புத்தகத்தில் எந்த மரை என்று போட்டிருக்கிறதோ அதை நம் ஊர்ப் பழைய வண்டியில் அப்படியே எதிர்பார்க்க முடியாது. எஞ்சின் மெட்ரிக், மற்ற இடமெல்லாம் பி.எஸ்.எஃப். என்பது தொழிற்சாலையை விட்டு வந்த அன்றைய நிலவரம். அதற்கப்புறம் அம்பாசிடர் காலத்து மெக்கானிக் யு.என்.எஃப். போட்டிருப்பார். புல்லட் தெரிந்தவர் சைக்கிள் மரை போட்டிருப்பார். மாருதி வந்த பிறகு தொட்டவர் 8 மில்லி 1.25ஐ அடித்து ஏற்றியிருப்பார். எந்த மெக்கானிக்கையும் நான் குறை சொல்லப் போவதில்லை, கையில் இருந்ததை வைத்து வண்டியை ஓட வைத்தார்கள். ஆனால் ஒரே பிராக்கெட்டின் நாலு போல்ட்டில் மூன்று ஜாதி இருக்கலாம். நாலையும் தனித்தனியாக எண்ணித்தான் ஆகவேண்டும்.

போன வாரம் பின்பக்க பம்பர் பிராக்கெட்டைக் கழற்றினேன். முதல் போல்ட் வந்ததும் ஸ்கேலை வைத்தேன். 20 மில்லிக்குள் பத்தொன்பது. தலையைத் திருப்பித் துடைத்தால் வட்டப் பள்ளம் இருந்தது. அட்டையில் 'அம்பாசிடர் ஆள்' என்று எழுதிக் குத்தி வைத்துவிட்டு அடுத்த போல்ட்டுக்குப் போனேன்.